இரண்டு தலை குறைகிறது

"தச்சநல்லூர் வீட்டை வாங்க ஆள் கெடைச்சாச்சு, அண்ணாச்சி. அடுத்த மாசம் கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டுக்கே போயிருதோம்" என்று என் சகலை சொன்னபோது என் கையில் பதின்மூன்று சீட்டுகள் இருந்தன. எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. அந்த ஆட்டத்தில் எனக்கு ஒரு ரம்மிகூடச் சேரவில்லை.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் உறுப்பினராக இருக்கும் கிளப்பில் ஒரு டென்னிஸ் மைதானம், ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, ஆறு மேசை போட்ட ஒரு சீட்டாட்ட அறை உண்டு. ஜன்னல் பக்கத்து மேசை எங்களுடையது. அங்கே நாங்கள் உடன்பிறப்புக்கு மேல். கிளப் கேட்டைத் தாண்டிவிட்டால் முகம் தெரியாதவர்கள். கல்யாண வீடுகளில் எங்கள் மனைவிமார் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு மூலையாகப் பிரிந்துபோவோம். அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷமாகிறது.

காரணம் ஒரு சேலை. என் மாமியார் சீவலப்பேரியில் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் அங்கேயே ஆற்றங்கரையில் நடந்தது. மாமியார் தினமும் உடுத்திய பச்சை நூல் சேலை, அரக்குக் கரை போட்டது, என் மனைவியின் கையில் இருந்தது. வயதான அத்தை ஒருத்தி படியில் இறங்கத் தடுமாறினாள். என் மனைவி சேலையைத் தங்கையிடம் கொடுத்து, "இதைப் பிடி" என்று சொல்லிவிட்டு அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரப் போனாள். திரும்பி வந்தபோது தங்கை கையில் சேலை இல்லை. அது நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

"பிடின்னுதானே கொடுத்தேன்?"

"காரியத்தன்னைக்கு, ஆத்தங்கரையில வச்சு, செத்தவங்க சேலையைக் கையில கொடுத்தா என்ன அர்த்தம்? ஆத்துல விடத்தான்னு விட்டேன்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. ஒருத்தி பக்கம் தப்பு இருந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து மன்னிப்புக் கேட்கவைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் காரியம் முடிந்தால் துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத்தான் கரையேறுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் என் மனைவி அந்தச் சேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள நினைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர்கள் கோயம்புத்தூர் போய்விட்டால் அவ்வளவுதான். அக்காவுக்கும் தங்கைக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. இனி ஏதாவது ஒரு சாவு வீட்டில்தான் பார்த்துக்கொள்வார்கள். யாருடைய சாவு என்று நினைத்துப் பார்த்து, அன்று இரவு இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். மனைவியிடம் வீடு விற்ற செய்தியைச் சொல்லவும் வழியில்லை. நான் அவரோடு சீட்டாடுவது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள். ஆகவே சீட்டு மேசையில் கேட்டது எதையும் நான் வீட்டில் சொல்லக்கூடாது. எழுதாத சட்டம்.

அந்த வாரம்தான் கிளப் கமிட்டி கூடியது. புதுத் தலைவர் நாற்பது வயதுக்காரர், கட்டடம் கட்டி விற்பவர். "நாம சீட்டாடுதோம், குடிக்கோம்னுதான் ஊருல பேசுதாங்க. குடும்பத்தோட ஒரு நாள் பொதுச்சேவை செஞ்சா என்ன?" என்றார். எல்லோரும் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு மிக்சர் தட்டைப் பார்த்தார்கள். யார் பொறுப்பு எடுப்பது என்று கேட்டபோது என் கை மேலே போயிருந்தது. சகலை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "நான் வழிமொழியுதேன்" என்றார். குடும்பத்தோடு என்றால் இரண்டு குடும்பமும் வந்தாகவேண்டுமே. அதற்குமேல் நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

என்ன சேவை என்று பேச்சு வந்தது. ஒருவர் மரக்கன்று நடலாம் என்றார். போன முறை நட்டவை எங்கே என்று இன்னொருவர் கேட்டார். தலைவர், "ஆத்துல துணி கெடக்குல்லா, அதை எடுப்போம். போட்டோ நல்லா வரும்" என்றார். எங்கே அதிகம் கிடக்கிறது என்று விசாரித்தார்கள். சிற்றாறு வந்து கலக்கிற இடம், காரியம் செய்ய ஜனங்கள் வருகிற இடம், சீவலப்பேரி. சரி என்று நானே கையெழுத்துப் போட்டேன். சகலையும் தலையாட்டினார். வாட்சப் குழுவில் அறிவிப்பு அப்போதே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"சீவலப்பேரியா? ஆத்துல கெடக்க துணியை எடுக்கவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஆற்றில் எந்தத் துணிக்காக இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்களோ, அதே ஆற்றுக்கு, அதே வேலைக்கு இருவரையும் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருக்கிறோம். இரண்டு கிழவர்களும் சேர்ந்து. ஒருவருக்கும் தோன்றவில்லை. சகலைக்குப் போன் போட்டேன். அவர் வீட்டிலும் அதே நேரத்தில் அதே கேள்வி வந்திருக்கிறது.

"வெளங்கிரும் வே" என்றார் பைய. பக்கத்தில் ஆள் இருந்தது போல. "வேற எடத்துக்கு மாத்த முடியாதோ?"

"குழுவுல போட்டாச்சே."

"எத்தனை பேரு பாத்துட்டாவ?"

"தொண்ணூத்தொண்ணு."

"அதுவும் எண்ணியாச்சா? சரி, தொலையட்டும்."

அதற்குப் பிறகு என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ண வேண்டியது இல்லாமல் போனதும் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டேன். குழுவில் பதிலாக வந்த கட்டைவிரல்கள் முப்பத்தெட்டு. கும்பிட்ட கைகள் இருபத்தைந்து. கட்டைவிரல் என்றால் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கும்பிட்ட கை என்றால் வருகிறேன் என்றா, என்னை விட்டுவிடு என்றா? நூறு ஜோடி கையுறை வாங்கினேன். சாக்கு ஐம்பது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று பாபநாசத்தில் தெரிந்த ஒருவரைத் தினமும் கூப்பிட்டேன். கடைசியில் அவர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

மனைவி வருவாளா என்பதுதான் பெரிய கவலை. பொறுப்பாளர் மனைவியே வராவிட்டால் சிரிப்பார்கள் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். முந்தின நாள் சாயங்காலம் தானாகவே, "அம்மா ஊரைப் பாத்தும் நாளாச்சு" என்றாள். பிறகு, "தச்சநல்லூர்க்காரி வாராளா?" என்று கேட்டாள். ஆறு வருஷமாகத் தங்கைக்கு அதுதான் பெயர். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சனிக்கிழமை காலை கிளப் வாசலில் பஸ் நின்றது. நான் எதிர்பார்த்தது எழுபது தலை. ஏறியது நாற்பத்தாறு, நானும் என் மனைவியும் உட்பட. அதிலும் சிலர் முகம் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொருவராக விசாரித்தேன்.

"நீங்க எந்த வீடு?"

"டாக்டர் வீட்டு டிரைவர் சார். ஐயா வர முடியல, எங்க வீட்டு சார்பா நீ போயிட்டு வான்னாங்க."

"நீங்க?"

"நகைக்கடை முதலாளி வீட்டுல தோட்டம் பாக்கேன் சார். சார்பாத்தான்."

இப்படிச் சார்பாக வந்தவர்கள் பதினேழு பேர். கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்தனுப்புவார்களே, அதுபோல ஆளை அனுப்பியிருக்கிறார்கள். குடும்பச் சேவை நாளுக்கு. எனக்கு அவர்கள்மீது கோபமில்லை. இன்னொரு பயம் பிடித்தது. சகலை வீட்டிலிருந்தும் கொழுந்தியாள் வராமல் டிரைவர் மட்டும் வந்து நின்றால்?

சீவலப்பேரியில் இறங்கியதும் நான் பயந்தது பாதி நடந்தது. சகலையின் கார் முன்னாலேயே வந்து மருத மர நிழலில் நின்றது. டிரைவர் இறங்கினார். சகலை இறங்கினார். பின்சீட்டில் கொழுந்தியாள் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி ஏற்றியபடி.

"இறங்க மாட்டாளாம்" என்றார் சகலை. "அக்காவுக்கு முட்டுவலி, வரமாட்டாவன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். உங்க வீட்டுல அம்புட்டுத் திடமா நடந்து வாராவளே. கொஞ்சம் நொண்டினாத்தான் என்ன?"

என் மனைவி காரைப் பார்த்தாள். படித்துறையின் மேல்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, காருக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒருத்தி காருக்குள், ஒருத்தி நாற்காலியில். நடுவில் நாங்கள் இருவரும் வெயிலில்.

தலைவர், மனைவி மக்களோடு தம் காரில் வந்தார். பேனரைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். "அருமை அண்ணாச்சி, நடத்துங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார். நான் கையுறைகளைப் பிரித்துக் கொடுத்தேன். வாங்கினார்கள். மாட்டிக்கொண்டார்கள். யாரும் இறங்கவில்லை.

தண்ணீர் ஓரத்தில் நாணல் வேரிலும், பாறை இடுக்கிலும், போன வெள்ளத்தில் சாய்ந்த மரத்தின் கிளைகளிலும் துணி. சேலை, வேட்டி, பாவாடை, சட்டை. எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டேன். ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்ததில் எது ஒன்று, எது இரண்டு என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு அம்மாள் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இது காரியம் கழிச்ச துணி. தோஷம் போகணும்னு விட்டது. நாம தொட்டு எடுத்தா அது நம்மகிட்டதானே வரும்? வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு."

டிரைவர்களும் அதே நினைப்பில் நின்றார்கள். சார்பாக வந்தவர்கள் முதலாளியின் சார்பாகத் தோஷத்தையும் வாங்கிக்கொண்டு போகவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நூறு ஜோடி கையுறை வாங்கினவனுக்கு இது தெரியாதா? இந்த ஊரில்தானே பிறந்து வளர்ந்தேன்?

அப்போது பாளையங்கோட்டை டீச்சர் அம்மாள், எங்கள் உறுப்பினர் ஒருவருடைய மனைவி, கிறிஸ்தவர், சேலையைத் தூக்கிச் செருகினார். "உங்க தோஷம் எங்களுக்கு ஒட்டாதுல்லா. நாங்க எறங்குதோம்."

"ஒட்டினா என்ன செய்வீங்க டீச்சர்?" என்றார் சகலை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? கோயில்ல எறக்கி வச்சுட்டு வந்துருதேன்."

மேலப்பாளையத்து பாய், ஜவுளி வியாபாரி, கைலியை மடித்துக் கட்டினார். "நமக்கு வர வேண்டியதெல்லாம் ஜிஎஸ்டியா வந்துட்டு. இதுக்கு மேல என்ன வரப்போவுது? எறங்குங்கலே!" என்று தம் மூன்று மகன்களையும் தண்ணீருக்குள் தள்ளாத குறையாக இறக்கினார்.

அவர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். ஈரத் துணிக்கு அத்தனை கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சேலைக்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கரைக்கு வந்துவிட்டால் அது குப்பைதான், தோஷம் கழிந்துவிட்டது என்று சகலை திடீரென்று ஒரு சாஸ்திரம் சொன்னார். எங்கே படித்தீர் என்று நான் கேட்கவில்லை. டிரைவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். சாக்கில் அடைக்கும் வேலையை அவர்கள் செய்ய, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்த அம்மாள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக வேலை நடந்தது.

குவியல் என் இடுப்பு உயரம் வந்தபோது, நாற்காலி காலியாக இருந்ததைக் கவனித்தேன். என் மனைவி குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குடையின் முனையால் துணியை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிவப்பு. மஞ்சள். ஊதா. ஒரு பச்சை வந்தது. குடை நின்றது. சேலைக் கரையைத் தேடித் திருப்பினாள். கரை வேறு நிறம். தள்ளிவிட்டாள்.

நான் காரைப் பார்த்தேன். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வேன் வழி தெரியாமல் வேறு தெருவில் நிற்பதாகப் போன் வந்தது. ஓடினேன். புளியோதரை, தயிர்சாதம், கூழ்வத்தல் எல்லாம் எழுபது பேருக்கு. வேனைக் கூட்டிவந்து நிறுத்தி, இலை போடச் சொல்லிவிட்டுத் தலைகளை எண்ணினேன். பஸ்ஸில் வந்தது நாற்பத்தாறு, சகலை காரில் வந்தது மூன்று. நாற்பத்தொன்பது இருக்கவேண்டும். நாற்பத்தேழு இருந்தது.

மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். "சோறு போடுங்க சார், அப்புறம் எண்ணலாம்" என்று ஒரு டிரைவர் சொன்னார். எதிரே ஓடுகிற ஆறு. பாறை வழுக்கல். நாணலுக்குள் ஆழம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? யார் அந்த இருவர் என்று முகங்களைத் தேடினேன். மேலப்பாளையத்துப் பையன்கள் மூன்றும் இருந்தார்கள். டீச்சர் இருந்தார். பிறகுதான் காரைப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை. நாற்காலியிலும் இல்லை. குவியலின் மேல் என் வீட்டுக் குடை கிடந்தது.

"ஓய் சகலை!" என்று கத்தினேன்.

இருவரும் கரையோடு கீழ்ப்பக்கம் ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன். எழுபத்திரண்டும் எழுபதும் ஓடுவது எப்படியிருக்கும் என்று படிப்பவர்களே பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு திரும்பியதும் சகலை என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு மருத மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

காரியம் செய்கிற பழைய படித்துறை அது. இரண்டு பேரும் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். கைகள் ஆடின.

"பிடின்னா பிடிக்கணும்!"

"நீ அத்தையக் கூட்டிட்டு வாரதுக்குள்ள காரியம் செஞ்சுவச்ச ஆளு, விடுங்கம்மா விடுங்கம்மான்னு தலைமேல நின்னான். நான் என்ன செய்ய?"

"அதை அன்னைக்கே சொல்லதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? அத்தனை பேரு முன்னாலயும் கள்ளியப் பாக்க மாதிரில்லா பாத்த."

நான் போய்ச் சமாதானம் செய்ய அடி எடுத்து வைத்தேன். சகலை விடவில்லை. "பேசாம இரும் வே. சண்டை போடுதாளுவோ, பாத்தீரா? ஆறு வருசத்துக்கப்புறம் சண்டை போடுதாளுவோ. கெடுத்துராதேயும்." அவர் கண் கலங்கியிருந்தது. ஓடியதாலும் இருக்கலாம்.

சத்தம் கொஞ்சம் அடங்கியது. என் மனைவி தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"அது நூல் சேலை. இதுக்குள்ள மக்கிப் போயிருக்கும்."

"ஆமாக்கா."

"இந்தப் பாலியஸ்டருதான் மக்காமக் கெடக்கு."

கொழுந்தியாள் மூக்கைச் சிந்தினாள். "போறதுக்கு முன்னால இந்தப் படியை ஒருதரம் பாத்துட்டுப் போணும்னுதான் நானும் வந்தேன்."

"எங்க போற?"

"கோயம்புத்தூருக்குத்தான். வீட்டைத்தான் வித்தாச்சே."

"ஏட்டி!" என்றாள் என் மனைவி. தச்சநல்லூர்க்காரி போய் ஏட்டி வந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் என் கையைச் சகலை இறுக்கிப் பிடித்தார். "ஏட்டி, வித்துட்டியா? என்னைக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீதான் பேசலியே. அத்தானுக்குத் தெரியுமே. எங்க வீட்டுக்காரங்க கிளப்புல அன்னைக்கே சொல்லியாச்சு. நீ ஒண்ணும் கேட்டு அனுப்பலைன்னதும், போனாப் போட்டும்னு இருக்க போலன்னு நினைச்சேன்."

எங்கள் எழுதாத சட்டம் அந்தப் படித்துறையில் உடைந்தது. என் மனைவி திரும்பினாள். மருத மரம் அகலமானதுதான். ஆனால் இரண்டு ஆளை மறைக்கும் அளவுக்கு இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

நான் தலையாட்டினேன்.

"எத்தனை நாளா?"

எத்தனை நாள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தன் இலையிலிருந்த கூழ்வத்தலைத் தங்கை இலைக்கு மாற்றினாள். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் நேராகக் காரில் ஏறினாள். டீச்சர் அம்மாள்தான் வந்து எனக்குச் செய்தி சொன்னார். "தச்சநல்லூருக்குப் போறாங்களாம். எந்தப் பாத்திரத்த எடுத்துட்டுப் போறது, எத விடுறதுன்னு பாக்கணுமாம். ராத்திரிக்கு அங்கதானாம். உங்களை இட்லி வாங்கித் தின்னுக்கிடச் சொன்னாங்க."

கார் கிளம்பி, பத்தடி போய் நின்றது. முன்கதவு திறந்தது. சகலை இறங்கினார். கார் போய்விட்டது.

"என்ன வே?"

"பின்சீட்டுல பெரிய பேச்சு. நான் இருந்தா இடைஞ்சலாம். பஸ்ல வாங்கன்னுட்டாவ."

பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரத் துணி வாடை எல்லோர் மேலும் அடித்தது. சாக்கு முப்பத்தொன்பது நிறைந்திருந்தது. அவற்றை எடுத்துப்போக லாரி வருமா வராதா என்று எனக்குள் அடுத்த கவலை கிளம்பியிருந்தது.

"அப்போ போறது நிக்காதுல்லா?" என்றேன்.

"எப்படி நிக்கும்? முன்பணம் வாங்கியாச்சே. போணும்தான்." ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார். "ஆனா இனிமே போனு வரும் பாரும். தினமும் வரும். உம்ம வீட்டுல சார்ஜ் நிக்காது."

எழுந்து நின்று பின்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினேன். என் மனைவி இல்லை. சகலை கூடுதல். நாற்பத்தாறு. வந்தபோது எத்தனையோ அத்தனை. கணக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. இன்னொரு முறை எண்ணினேன்.